மாமாவின் மினிடிஸ்க்கைத் தினமும் கொண்டுபோகலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா துபாயில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய சோனி மினிடிஸ்க் வாக்மேன் (கூட்டுக்குள் அடைத்த சின்னத் தட்டில் பாட்டைப் பதிந்து கேட்கிற பெட்டி), 11 டிஸ்க்குகளோடு இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. மாமா இன்று இல்லை. 'போனில் பாட்டுக் கேட்பது சலித்துவிட்டது. இதையே தினமும் கொண்டுபோகலாமா? இல்லை, இப்போது புதிதாக வருகிற சிடி பிளேயர் ஒன்று வாங்கட்டுமா? மெமரி கார்டு போடுகிற பிளேயர்தான் சரியா? டிஸ்க்கில் சத்தம் நிஜமாகவே நன்றாக இருக்குமா?' இதுதான் கேள்வி. கூடவே, ஒரு டிஸ்க்கின் மேல் மாமாவின் கையெழுத்தில் 'உடுக்கை, மாசி 2003' என்று இருப்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது தம்பி. ஊரே போனில் கேட்கும்போது, செய்த கம்பெனியே கைவிட்ட ஒரு பெட்டியை நம்பினால் நடுவழியில் விட்டுவிடுமா என்பதுதான் உங்கள் யோசனை. கோயமுத்தூரில் டேப்ரிக்கார்டரும் சிடி பிளேயரும் பழுது பார்க்கும் மேசையில் 28 வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மினிடிஸ்க் நம் பக்கத்துக் கடைகளில் வைத்து விற்று நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பி வந்தவர்களின் பெட்டியில்தான் வந்தது. அப்படி வந்ததில் நாற்பது, ஐம்பது செட்டை நான் திறந்திருப்பேன். பெரும்பாலும் சோனி, கொஞ்சம் ஷார்ப். 2004இல் வந்த ஹைஎம்டி என்ற புது வகை மினிடிஸ்க் செட்டை அவ்வளவாகத் திறந்ததில்லை. அதனால் நான் சொல்கிற பழுதுகள் எல்லாம் அதற்கு முந்தைய செட்டுகளுக்குத்தான் பொருந்தும்.

சத்தத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பாதி வெறும் கணக்கு. சிடியில் ஒரு நொடிக்குச் சத்தத்தை 44,100 தடவை அளந்து எடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். மினிடிஸ்க் அதே பாட்டை அட்ராக் என்ற முறையில் சுருக்கி 292 கிலோபிட்டில் எழுதுகிறது. ஐந்தில் ஒரு பங்குதான். காது கவனிக்காது என்று கணித்த பகுதியை விட்டுவிட்டு அந்த அளவுக்கு வருகிறார்கள். ஆகவே சிடியிலிருந்து ஏற்றிய மினிடிஸ்க் அந்தச் சிடியை மிஞ்ச வழியே கிடையாது. அதே சிடியை, எதையும் விட்டுவிடாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலாக மாற்றிப் போனில் போட்டால், உள்ளே இருப்பது சிடியில் உள்ள அதே எண்கள், ஒரு பிட்கூடக் குறையாது. ஒரு டிஸ்க்கில் அதிக நேரம் அடக்க 2000இல் வந்த எல்பி2, எல்பி4 முறைகள் 132, 66 கிலோபிட் வரைக்கும் இறங்கின. எல்பி4இல் ஏற்றிய ஜால்ராச் சத்தம் எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரியே கேட்கும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்கு வேண்டாம்.

இனி உறுதியில்லாத பாதி. 'மினிடிஸ்க்கில் கேட்டால் இதமாக இருக்கிறது' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கே சில நாள் அப்படித் தோன்றும். ஆனால் அது பெட்டியின் குணமா, மாலை நேரத்தின் குணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சத்தம் ஒரு சிட்டிகை கூடினாலே காது அதை 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். அதனால் இரண்டு பெட்டியிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். நான் இப்படி உட்காரவைத்த நண்பர்கள் பலர், எஸ்பி முறையில், அதாவது வழக்கமான 292 கிலோபிட்டில் ஏற்றிய மினிடிஸ்க்கையும் சிடியையும் பிரித்துச் சொல்லத் திணறினார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: இந்தச் சின்னப் பெட்டிகள் ஒரு காதுக்கு 5 மில்லிவாட் அளவில்தான் தள்ளும். ஸ்டுடியோவில் போடுகிற பெரிய ஹெட்போனை மாட்டினால் சத்தம் ஏறாது. காதில் செருகுகிற எளிய இயர்போன்தான் இதற்குப் பொருத்தம்.

பழைய சினிமாப் பாட்டு கேட்பவராக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள், எனக்கு இது சுருக்கும் முறையைவிட முக்கியம். 1980களின் கடைசியிலும் 90களிலும் ஓரியண்டல், பிரமிட் போன்றவர்கள் வெளியிட்ட தமிழ்ச் சிடிகளில் மெதுவான இடம் மெதுவாகவும் எழும்புகிற இடம் எழும்பியும் இருக்கும். அதே பாட்டு இன்று இணையத்தில் கிடைக்கும்போது சில சமயம் மொத்தத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி மறுபடியும் தயாரித்த பிரதியாக இருக்கிறது. கேசட்டிலிருந்து எடுத்த பிரதிகூட மாட்டியிருக்கிறது. எல்லாப் பாட்டும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் 'சிடியில்தான் நல்லா இருக்கு' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் காது பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பிரதி வித்தியாசத்தைத்தான். இதற்கு நேர் எதிர், பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்ற 150 பாட்டு எம்பி3 சிடி. 700 எம்பியில் 150 பாட்டு என்றால் ஒரு பாட்டுக்கு 5 எம்பிகூடக் கிடையாது. டிஸ்க் வடிவில் இருக்கிறதே என்று அதற்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். மினிடிஸ்க் ஜப்பானில் 1992 கடைசியில் கடைக்கு வந்தது. உள்ளே இருக்கும் தட்டு 64 மில்லிமீட்டர்தான், சிடியில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஷட்டர் வைத்த ஒரு கூட்டுக்குள் அடைத்திருப்பார்கள். திருப்பூர், சோமனூர் பக்கம் இதன் அருமை தெரியும். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் சிடி பிளேயரின் மூடியைத் தினம் இரண்டு முறை திறந்தால், ஆறு மாசத்தில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் பிடித்துவிடும். தறிக்குடோன்காரர்கள் கொண்டுவந்த சிடி பிளேயர்களில் பாதிக்கு வேறு வைத்தியமே தேவைப்பட்டதில்லை, லென்ஸைத் துடைத்தாலே பாடும். மினிடிஸ்க்கிலும் லென்ஸ் அழுக்காகும், ஆனால் தட்டில் கீறலும் கைரேகையும் விழாது.

பஸ்ஸில் குலுங்கினாலும் பாட்டு நிற்காததற்குக் காரணமும் அந்த 292தான். தட்டிலிருந்து நொடிக்கு சுமார் 1.4 மெகாபிட் வேகத்தில் படிக்க முடியும். பாட்டுக்கு வேண்டியதோ அதில் ஐந்தில் ஒன்று. ஆகவே பெட்டி கொஞ்சம் படித்து மெமரியில் நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கும், மெமரி காலியாகக் காலியாக மறுபடி படிக்கும். பல்லடம் ரோட்டில் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறுவதற்குள் லென்ஸ் தடம் மாறினாலும், திரும்பவும் இடத்தைப் பிடிக்க அதற்கு நேரம் இருக்கிறது. பேட்டரி நீடிப்பதும் இதனால்தான். சிடி பிளேயரில் இதையே செய்யத் தட்டை வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். சிடி பிளேயரை மடியில் சமமாக வைத்துக்கொண்டு போக ரயில் நல்லது, டவுன் பஸ் ஒத்துவராது.

மெமரி பிளேயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குறை இல்லாததால்தான். 2001 அக்டோபரில் ஐபாட் 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்று வந்தபோதே மினிடிஸ்க்கின் கதை பாதி முடிந்தது. இன்றைய மெமரி பிளேயரில் சுற்றுகிற பாகம் ஒன்றும் கிடையாது, தேய்மானமும் கிடையாது, ஒரு கார்டில் வீட்டிலுள்ள அத்தனை சிடியும் அடங்கிவிடும். நிறையப் பாட்டு, குறைந்த தொந்தரவு என்பதுதான் தேவை என்றால் அதை வாங்குங்கள். அதையும்விட, கையிலிருக்கும் போனுக்கே ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினால் பணம் இன்னும் நன்றாக வேலை செய்யும். இதைச் சொல்லாமல் டிஸ்க்கைப் புகழ்ந்தால் உங்களை ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஏன் நான் இன்னும் மினிடிஸ்க் வைத்திருக்கிறேன்? ஒரு காரணம், அது அளவோடு நிற்பது. ஒரு டிஸ்க்கில் 74 நிமிடமோ 80 நிமிடமோதான். காலையில் கிளம்பும்போது இரண்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் பாட்டு. போனில் ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. டிஸ்க்கில் சரணத்தையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் சலிப்புக்கும் இதுதான் மருந்து என்று நினைக்கிறேன், ஆனால் இது என் பழக்கம், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. இன்னொரு காரணம்தான் பெரியது. இது வெறும் பிளேயர் இல்லை, பதிவுக் கருவி. மைக் துளை உள்ள செட்டாக இருந்தால், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டியைக் கொண்டு ராத்திரி முழுக்க ஒரு கோயில் நிகழ்ச்சியைப் பிடித்துவிடலாம். அன்றைக்கு விற்ற மெமரி பிளேயர்கள் பல, பாட மட்டும்தான் செய்தன.

நம் கொங்குப் பக்கத்தில் இதன் பயன் எனக்கு நன்றாகத் தெரியும். 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பல இரவுகள் டேப்பில் பதிந்தார். அந்தக் காலத்து டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதே ஒரு வேலை. மினிடிஸ்க் வந்ததும் எங்களைப் போன்ற ஆர்வக்காரர்களுக்கு அந்தப் பாரம் இறங்கியது. மோனோவில், அதாவது ஒரே சேனலில் வைத்தால் 80 நிமிட டிஸ்க்கில் 160 நிமிடம் எழுதலாம். ஒருவர் பாடி ஒருவர் உடுக்கை அடிக்கிற நிகழ்ச்சிக்கு மோனோவே போதும். சத்த அளவைத் தானியங்கி முறையில் விட்டுவிடக் கூடாது. பறை ஓங்கி விழுந்ததும் பெட்டி மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிடும், பாடுகிறவர் குரல் எங்கோ போய், மெதுவாகத் திரும்பி வரும். கையால் அளவை வைக்கிற வசதி பல செட்டுகளில் உண்டு. பறை அடிக்கும்போது அளவை வைத்துக்கொண்டு, அதன் பிறகு தொடாமல் இருப்பேன்.

இதில் நான் பட்ட அடி ஒன்றையும் சொல்ல வேண்டும். மினிடிஸ்க்கில் எந்தப் பாட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற பட்டியல் தட்டின் உள்ஓரத்தில் தனியாக இருக்கிறது. நாம் ஸ்டாப் அழுத்திய பிறகுதான் அந்தப் பட்டியலைப் பெட்டி எழுதும். 2005இல் அப்பாரு ஊர்த் திருவிழாவில், செட்டுக்குள் பேட்டரி போடாமல் அடாப்டரை மட்டும் நம்பி வைத்திருந்தேன். அண்ணன்மார் மாயும் படுகளக் கட்டம் முடிந்து கூட்டம் எழுந்தபோது யாரோ காலில் வயர் தட்டி, பிளக் கழன்றது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டில் எழுதியிருந்தும், பட்டியல் இல்லாததால் பெட்டி அதை வெறும் டிஸ்க் என்றுதான் காட்டியது. அன்று பாடிய பெரியவர் அடுத்த வருஷம் இல்லை. அதற்குப் பிறகு கரண்டு இருந்தாலும் பேட்டரி இல்லாமல் நான் பதிந்ததே கிடையாது.

பெட்டி எவ்வளவு நாள் வரும் என்ற இடத்துக்கு வருகிறேன். சோனி கடைசி மினிடிஸ்க் பிளேயரை 2013இல் நிறுத்தியது, வெற்று டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இனி இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். டிஸ்க்கைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. எழுதும்போது லேசர் ஒரு புள்ளியை ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் காந்தம் அங்கே வேலை செய்யும், அறை வெப்பத்தில் அது அசையாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலும் அழியாது. 2000களில் கடையில் எழுதி வாங்கிய சிடிகளில் பல இன்று படிக்க மறுக்கின்றன, அதே வயது மினிடிஸ்க்கோ என்னிடம் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. இன்னும் எத்தனை வருஷம் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள், அது கணிப்பு மட்டுமே.

கவலை பெட்டியின் மேல்தான். லேசர் வலுவிழப்பது ஒன்று. எழுதுகிற தலை தட்டின் மேல்பக்கம் ஒரு மெல்லிய கையில் தொங்குகிறது, அதற்குப் போகிற ரிப்பன் ஒயர் மடிந்து மடிந்து அறுவது இன்னொன்று. ரிப்பன் அறுந்த செட் நன்றாகப் பாடும், பதிவதுபோலவும் நடிக்கும், கேட்டால் ஒன்றும் இருக்காது. கிரீஸ் காய்ந்து லென்ஸ் வண்டி நகராமல் நிற்பது மூன்றாவது, இது எளிது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு இரும்புத் தண்டில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் ஓடும், பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மட்டும் அதை விடாதீர்கள். சூயிங்கம் பட்டை மாதிரி தட்டையான பேட்டரி போடும் செட் என்றால் நல்ல பேட்டரிக்கு அலைய வேண்டியிருக்கும், சாதாரண பென்சில் பேட்டரி போடும் செட் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழைய பேட்டரி கசிந்து வெள்ளை உப்பு பிடித்திருந்தால், காடியில் (வினிகரில்) நனைத்த பஞ்சால் முனையைத் துடைத்துக் காயவிடுங்கள். லேசர் பலவீனமானால் பக்கத்திலுள்ள திருகைத் திருப்பிக் கரண்டைக் கூட்டச் சொல்லி வீடியோக்கள் இருக்கின்றன. செய்யாதீர்கள். கொஞ்ச நாள் பாடிவிட்டு மொத்தமாகப் போய்விடும்.

பாட்டு ஏற்றுவது முன்னைவிட இப்போது சுலபம். உங்கள் செட்டின் மேல் நெட்எம்டி என்று இருந்தால், ஆர்வலர்கள் எழுதிய வெப் மினிடிஸ்க் என்ற பக்கத்தைக் குரோம் பிரவுசரில் திறந்து யூஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றிக்கொள்ளலாம். சோனியின் பழைய மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

புதிய சிடி பிளேயரைப் பொறுத்தவரை, ஃபியோ போன்ற கம்பெனிகள் திரும்பவும் செய்கின்றன, சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் நல்ல ஹெட்போன் துளையும் இருக்கின்றன. வீட்டில் சிடிகள் இருந்தால், அல்லது பழைய தமிழ்ச் சிடிகளைத் தேடி வாங்கும் எண்ணம் இருந்தால் அது நல்ல வழி. சிடியே இல்லாமல் பிளேயரை மட்டும் வாங்குவது வீண். உங்களிடம் சிடிகள் இருப்பதாகக் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மாமாவின் பெட்டியைத் தினமும் கொண்டுபோங்கள், அது பாடுவதற்காகவே செய்த பெட்டி. கையோடு போன் இருக்கிறது, ஒருநாள் இது நின்றால் பாட்டு நிற்காது. இன்னொரு செட்டை மட்டும் இணையத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 'சோதிக்கவில்லை' என்று போட்டு விற்பதை வாங்கினால், தபால் செலவும் சுங்கமும் கட்டிப் பழுதை வாங்குவதாகத்தான் முடியும். புதிதாகப் பதிந்து, அதையே போட்டுக் காட்டுகிற வீடியோ கேளுங்கள்.

ஆனால் இவற்றையெல்லாம் ஆரம்பிக்கும் முன், அந்த உடுக்கை டிஸ்க். மற்ற பத்தில் இருப்பது சினிமாப் பாட்டு என்றால் எங்கேயும் திரும்பக் கிடைக்கும், இது கிடைக்காது. மாசியில் உடுக்கை என்றால் அண்ணன்மார் கதையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, குலதெய்வக் கோயில் பாட்டாகவும் இருக்கலாம். கூட்டின் ஓரத்தில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், அதை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி அதன்மேல் எழுதாது. முதலில் வேறொரு டிஸ்க்கை முழுசாக ஓட்டி, பெட்டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் லைன்இன் துளைக்குக் கொடுத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாக ஆரம்பம் முதல் கடைசி வரை பதியுங்கள். மோனோவாக இருந்தால் 160 நிமிடம் வரை போகும், நடுவில் எழுந்து போகாதீர்கள். இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அன்று மாமாவோடு கோயிலுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் போட்டுக்காட்டி, பாடியவர் யார், எந்த ஊர்க் கோயில், எத்தனையாவது ராத்திரி என்று கேட்டு அந்த ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.